வென்ற படகும் விலக்கிய விதியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

பந்தயத்தில் தோற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்புவது உலக வழக்கம். ஆனால், முந்தி வந்த ஒருவர், முந்தி வந்ததையே குற்றமாகக் கொண்டு பரிசை இழந்த கதையை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? அப்படி ஒருவரைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுதப் புகுந்தேன். அவர் பெயர் நத்தானியேல் கிரீன் ஹெரெஷாஃப். அமெரிக்க நாட்டவர். பாய்ப்படகு வடிவமைப்பில் தமக்கு இணை இல்லை என்று பெயர் வாங்கியவர். 1938-ஆம் ஆண்டு மறைந்தவர்.

அவரை நான் அறிந்துகொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். தாத்தா காலத்தில் எல்லாம் கட்டுமரம்தான். எங்கள் பக்கத்தில் அதை வெறுமனே மரம் என்றே சொல்வார்கள். முதலாண்டில் ஆங்கிலப் பாடநூல்கள் எனக்கு ஆழ்கடலாகத் தெரிந்தன. ஒரு தாளில் தோற்றும் போனேன். படித்தது போதும், நிறுத்திவிடலாம் என்று உறவில் சிலர் அப்பாவிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அந்த நாட்களில் நூலகத்தில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு சொற்களோடு மல்லாடிக் கொண்டிருந்தேன். ஒரு மாலை, அந்த அகராதியில் எங்கள் வீட்டுச் சொல் ஒன்று கண்ணில் பட்டது. கேட்டமரான்! பிறப்பிடம் தமிழ் என்று போட்டிருந்தது. கூட்டத்தில் வழி தெரியாமல் நின்றவளை யாரோ சொந்தக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது எனக்கு.

ஆனால் பொருளைப் படித்ததும் குழப்பம் வந்தது. இணையாக நிற்கும் இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் சேர்த்த படகு என்று அகராதி விளக்கியது. வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. மரங்களை நெருக்கி, ஒன்றோடொன்று இறுகக் கட்டினால்தான் கட்டுமரம். தள்ளித் தள்ளி வைத்தால் அது வேறு ஏதோ என்று வாதாடினார். தாத்தா சொன்னதே சரி. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர் நம் சொல்லை எடுத்துச் சென்றார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர் இரட்டை ஓடப் படகின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அந்த இரட்டை ஓடப் படகை அமெரிக்கப் பந்தயக் கடலில் இறக்கி எல்லாரையும் திடுக்கிட வைத்தவர் யார் என்று தேடினேன். ஹெரெஷாஃப் கிடைத்தார்.

கண்ணிழந்த அண்ணனும் கண்ணான தம்பியும்

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்டு. அங்கே நாரகான்செட் விரிகுடாவின் கரையில் பிரிஸ்டல் என்றோர் ஊர். அவ்வூரில் 1848-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் ஹெரெஷாஃப் பிறந்தார். உடன்பிறந்தோர் அவரையும் சேர்த்து ஒன்பது பேர், அவர் ஏழாமவர். தந்தைக்குப் படகு கட்டுவதிலும் ஓட்டுவதிலும் தீராத ஆசை. ஆகவே பிள்ளைகள் நடை பழகிய காலத்திலேயே கடலையும் பழகினார்கள்.

ஏழு வயது மூத்த அண்ணன் ஜான், பதினைந்து வயதையொட்டி முழுமையாகப் பார்வை இழந்தார். மற்றொருவராக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பார். ஜான் முடங்கவில்லை. 1863-இல் படகு கட்டுவதையே தொழிலாகத் தொடங்கிவிட்டார். மரத்தில் செதுக்கிய சிறு மாதிரியைக் கையில் வாங்கி, விரல்களால் தடவிப் பார்த்தே அதன் வளைவு நெளிவுகளைச் சொல்லிவிடுவாராம். அவருக்குக் கண்ணாக இருந்தவர் தம்பி நத்தானியேல். அண்ணன் படகில் அமர, தம்பி சுக்கான் பிடிப்பார். தம்பி வடிவத்தைச் செதுக்க, அண்ணன் விரல்கள் குறை நிறை சொல்லும். காகிதத்தில் படம் வரைவதற்கு முன்பே மரத்தில் மாதிரியைச் செதுக்கி, அதிலிருந்து அளவெடுக்கும் பழக்கத்தைத் தம்பி கடைசிவரை விடவில்லை. கையால் தொட்டுப் பார்க்கும் ஒருவரோடு வேலை செய்து பழகியவருக்கு அது இயல்புதானே!

1866-இல் நத்தானியேல் பாஸ்டன் நகரிலிருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். இன்று உலகப் புகழ் பெற்ற அக்கழகம் வகுப்புகளைத் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. மூன்றாண்டுகள் இயந்திரவியல் பயின்றார். பின்னர் பிராவிடன்ஸ் நகரில் கார்லிஸ் நீராவி எந்திர நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார். பகலில் நீராவி எந்திரம், ஓய்வு நேரத்தில் படகு. இப்படியே ஆண்டுகள் சென்றன. வறுமையில் உழன்ற குடும்பம் அல்ல அவருடையது. அதை மறைத்து, அவரை நம்மைப் போன்ற ஏழையாகக் காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் கைத்தொழிலையும் கல்லூரிப் படிப்பையும் ஒன்றுக்கொன்று எதிரியாக அவர் நினைக்கவில்லை. அதுவே என்னைக் கவர்ந்தது.

இரண்டு ஓடங்களின் இரகசியம்

பாயில் காற்று அடிக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, படகு முன்னே போகிறது. மற்றொன்று, படகு பக்கவாட்டில் சாய்கிறது. வேகம் வேண்டுமென்றால் பாய் பெரிதாக வேண்டும். பாய் பெரிதானால் சாய்வும் பெரிதாகும். சாய்வைத் தடுக்க என்ன செய்வது?

அந்தக் காலத்தில் நியூயார்க் பக்கத்துச் சிறு பந்தயப் படகுகளில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொள்வார்கள். படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆட்கள் மூட்டைகளைத் தூக்கிக் காற்று வரும் பக்கத்தில் அடுக்க வேண்டும். பெரிய படகுகளிலோ அடியில் ஈயத்தையும் இரும்பையும் வைப்பார்கள். இரண்டிலும் ஒரு குறை உண்டு. சாய்வைத் தடுக்க எடையைக் கூட்டினால், அந்த எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும். படகு நீரில் ஆழ அமிழும். அமிழ்ந்த படகு பெரிய அலையை எழுப்பும். காற்றின் வலிமையெல்லாம் அந்த அலையை எழுப்புவதிலேயே செலவாகிவிடும்.

ஹெரெஷாஃப் வேறு விதமாகச் சிந்தித்தார். நெம்புகோல் விதி நம் எல்லாருக்கும் தெரியும். திருப்புத்திறன் என்பது எடையை மட்டும் பொறுத்ததன்று, தொலைவையும் பொறுத்தது. அப்படியானால் எடையைக் கூட்டுவானேன்? தொலைவைக் கூட்டலாமே! ஒல்லியான இரண்டு ஓடங்களை நல்ல இடைவெளி விட்டு நிறுத்தினால், அகலமே படகைத் தாங்கும். ஓடங்கள் ஒல்லியானதால் அலையும் சிறிதாகவே எழும். மணல் மூட்டை வேண்டாம்; ஈயமும் வேண்டாம்.

இரட்டை ஓடம் உலகுக்குப் புதியதன்று. பசிபிக் தீவு மக்கள் பன்னெடுங்காலமாக அதில் பெருங்கடலையே கடந்தவர்கள். 1662-இல் சர் வில்லியம் பெட்டி என்ற ஆங்கில அறிஞர் டப்ளின் நகரில் அத்தகைய படகொன்றைக் கட்டிப் பார்த்ததும் உண்டு. ஹெரெஷாஃப் புதிதாகச் சேர்த்தது ஒன்று. அலையில் ஓர் ஓடம் மேலேறும்போது மற்றொன்று கீழிறங்கும். இரண்டையும் அசையாமல் பிணைத்தால் சட்டம் முறியும். ஆகவே நம் தோளில் இருப்பது போன்ற பந்துக்கிண்ண மூட்டுகளை அமைத்தார். ஒவ்வோர் ஓடமும் தன் அலைக்கேற்பத் தானே ஏறி இறங்கும். நடுவில் ஆட்கள் அமரும் மேடை அமைதியாக இருக்கும். இப்படி உருவான, ஏறக்குறைய 25 அடி நீளமுள்ள படகுக்கு அமரில்லிஸ் என்று பெயர் வைத்தார்.

குறையில்லாத படகு உலகில் இல்லை. இரட்டை ஓடம் விரைவில் திரும்பாது. ஓரளவுக்கு மேல் சாய்ந்து கவிழ்ந்துவிட்டால் தானாக நிமிரவும் நிமிராது. அடியில் ஈயமுள்ள படகு பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். இதைத் தாத்தாவிடம் சொன்னபோது, கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பது எங்கள் மரம் ஒன்றுதான் என்று பெருமையோடு தலையசைத்தார்.

1876 ஜூன் 22

அமெரிக்கா விடுதலை அறிவித்து நூறாண்டு நிறைந்த ஆண்டு 1876. நாடெங்கும் விழாக்கோலம். பிலடெல்பியாவில் மாபெரும் கண்காட்சி. அங்கிருந்த பொறிகளை ஓட்டியது, ஹெரெஷாஃப் வேலை பார்த்த கார்லிஸ் நிறுவனத்தின் 1400 குதிரைத்திறன் கொண்ட நீராவி எந்திரம். அதே விழாவையொட்டி நியூயார்க் பாய்ப்படகுச் சங்கம் நூற்றாண்டுப் பந்தயம் நடத்தியது. ஜூன் 22-ஆம் நாள் ஹெரெஷாஃப் தம் அமரில்லிஸ் படகுடன் அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28.

ஒட்டுப்போட்டது போன்ற அந்த விசித்திரப் படகைப் பந்தயத்தில் சேர்ப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அது எப்படியும் தோற்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். காற்று மெலிந்திருந்த வரையில் அமரில்லிஸ் பின்தங்கியே இருந்தது. பிறகு காற்று வலுத்தது. மற்றப் படகுகள் சாய்ந்தன. மணல் மூட்டைகள் அங்குமிங்கும் புரண்டன. அமரில்லிஸ் சாயவில்லை. வலுத்த காற்றையெல்லாம் வேகமாக மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு படகாகக் கடந்து, தன் பிரிவில் முதலாவதாக வந்து நின்றது.

வெற்றி கிடைத்த பிறகுதான் மறுப்புகள் கிளம்பின! இது படகே அன்று, தெப்பம் என்றார்கள். இதில் உறங்க அறையுண்டா, உட்கார இடமுண்டா என்று கேட்டார்கள். சேர்க்கும்போது மறுக்காதவர்கள் தோற்ற பிறகு மறுக்கிறார்களே என்று அக்காலச் செய்தித்தாள் ஒன்று கேலி செய்தது. பயன் இல்லை. பரிசு மறுக்கப்பட்டது. அத்தோடு நின்றதா? இரட்டை ஓடப் படகுகளுக்கு வழக்கமான பந்தயப் பிரிவுகளில் இனி இடமில்லை என்றும் ஆயிற்று.

இதைப் படித்தபோது என் நினைவு பின்னோக்கி ஓடியது. சிறுவயதில் கரையோர நீரில் தாத்தாவின் மரத்தில் நானும் துடுப்புப் போட்டதுண்டு. யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு பொங்கலன்று பிள்ளைகளுக்குள் விளையாட்டாகப் பந்தயம் விட்டோம். சித்தப்பா மகன்கள் இருவரையும் நான் முந்திவிட்டேன். அன்று மாலையே, வயது பத்தாகிவிட்டது, இனிப் பெண்பிள்ளை மரத்தில் கால் வைக்கலாகாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த விதி அதற்கு முந்தின நாள் எங்கே போயிருந்தது? இத்தனை நாளும் விடை தெரியாதிருந்த அந்தக் கேள்விக்கு நியூயார்க் துறைமுகத்திலிருந்து எனக்கு விடை கிடைத்தது.

விலக்கிய பிறகு

ஹெரெஷாஃப் என்ன செய்தார்? 1877 ஏப்ரலில் தம் இரட்டை ஓட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அந்த எண்ணம் பிறந்த விதத்தை நியூயார்க் செய்தித்தாளுக்கு ஒரு கடிதமாக விளக்கி எழுதினார். டாரன்டெல்லா, ஜான் கில்பின் என்று மேலும் சில இரட்டைப் படகுகளைக் கட்டினார். ஆனால் பந்தயத்தில் சேர்க்காத படகைப் பணம் கொடுத்து வாங்குவோர் எத்தனை பேர்? ஒரு விதி ஒரு பரிசை மட்டும் பறிப்பதில்லை. பிறக்கவிருந்த படகுகளையும் பிறக்கவிடாமல் செய்துவிடுகிறது.

1878-இல் வேலையை விட்டு அண்ணனோடு சேர்ந்து பிரிஸ்டலில் ஹெரெஷாஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். வரவு செலவும் வாடிக்கையாளரும் அண்ணன் பொறுப்பு. வடிவமைப்பு தம்பி பொறுப்பு. முதலில் நீராவிப் படகுகளில் புகழ் வந்தது. 1885-இல் அவர்களுடைய ஸ்டிலெட்டோ என்ற படகு, ஹட்சன் ஆற்றில் விரைவுக்குப் பெயர் போன மேரி பௌவல் கப்பலை ஓட்டத்தில் வென்றது. பின்னர் அமெரிக்கக் கடற்படையே அந்தப் படகை வாங்கிக்கொண்டது.

புகழோடு ஒரு கறையும் சேர்ந்தது. 1888-இல் ஒரு நீராவிப் படகின் வேகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு அடைப்பான் திறந்துகொண்டது. வேகம் குறையக் கூடாது என்று ஹெரெஷாஃப் அதை மூடிவிட்டார். கொதிகலன் வெடித்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஹெரெஷாஃபின் நீராவிப் பொறியாளர் உரிமம் பறிக்கப்பட்டது. வேகத்தின் மேல் கொண்ட காதல் ஒரு மனித உயிரை விலையாக வாங்கிவிட்டது. பெரியோர் வரலாற்றை எழுதும்போது இத்தகைய பக்கங்களைக் கிழித்துவிடுவது நேர்மையாகாது. பந்தயத்தில் அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி. இங்கே பிழை அவருடையது.

அதன்பின் பாய்ப்படகின் பக்கம் மீண்டும் கவனத்தைத் திருப்பினார். 1891-இல் அவர் அமைத்த குளோரியானா கலந்துகொண்ட எட்டுப் பந்தயங்களிலும் வென்றது. அடுத்து வந்தது உலகின் மிகப் பழைய பன்னாட்டுப் பாய்ப்படகுப் போட்டியான அமெரிக்கா கோப்பை. 1893-இல் விஜிலண்ட், 1895-இல் டிஃபெண்டர், 1899-இலும் 1901-இலும் கொலம்பியா, 1903-இல் ரிலையன்ஸ், 1920-இல் ரெசல்யூட். ஆறு போட்டிகளில், அவர் வடிவமைத்த ஐந்து படகுகள் கோப்பையைக் காத்து நின்றன. ரிலையன்ஸ் படகின் பாய்ப்பரப்பு மட்டும் 16,000 சதுர அடிக்கு மேல்! இவற்றில் நான்கு முறை எதிர்த்து வந்து தோற்றவர் சர் தாமஸ் லிப்டன். ஆம், இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வாங்கி உலகெங்கும் தேயிலை விற்ற அதே லிப்டன்தான்.

விதி கைக்கு வந்தபோது

இனி நான் சொல்லப்போவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. ஆண்டுகள் செல்லச் செல்ல, படகுகளை அளந்து தரம் பிரிக்கும் பழைய விதிகளால் தொல்லை மிகுந்தது. விதியின் ஓட்டையைப் பார்த்துப் படகு கட்டினார்கள். கடலைப் பார்த்துக் கட்டவில்லை. புதிய விதி வேண்டுமென்று நியூயார்க் பாய்ப்படகுச் சங்கம் வடிவமைப்பாளர்களைக் கேட்டது. 1903-இல் அது ஏற்றுக்கொண்டது யாருடைய கணக்கை? ஹெரெஷாஃபின் கணக்கை! படகின் நீளத்தையும் பாய்ப்பரப்பின் வர்க்கமூலத்தையும் பெருக்கி, படகு இடம்பெயர்க்கும் நீரின் அளவின் கனமூலத்தால் வகுக்கும் வாய்பாடு அது. பொது விதி என்று பெயர் பெற்றது. விதியால் விலக்கப்பட்டவர், 27 ஆண்டுகள் கழித்து, விலக்கிய அதே சங்கத்துக்கு விதி வகுத்துக் கொடுத்தார்.

இவ்விடத்தில் நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் உண்மை அங்கே முடியவில்லை. அவர் வகுத்த அந்தப் பொது விதியும் ஒற்றை ஓடப் படகுகளுக்கானதே. தாம் பெற்றெடுத்த இரட்டை ஓடம் கதவுக்கு வெளியேதான் நின்றது. எழுதுகோல் கைக்கு வந்தபோது, அவர் கட்டிய அந்த வெற்றிப் படகுக்கு அதில் ஒரு வரி கிடைக்கவில்லை. இதுவே என்னை உறுத்துகிறது.

1914-இல் பிள்ளைகள் பாய் பிடித்துப் பழகுவதற்கென்று சிறு படகொன்றை வடிவமைத்தார். நீர்மட்டத்தில் பன்னிரண்டரை அடி நீளமுள்ள அப்படகை இன்றும் விரும்பி ஓட்டுகிறார்கள். 1915-இல் அண்ணன் ஜான் மறைந்தார். 1938 ஜூன் 2-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், பிறந்த ஊராகிய பிரிஸ்டலிலேயே நத்தானியேலும் கண்மூடினார். அவ்வூரில் இன்று அவர் குடும்பத்தின் பெயரால் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இரட்டை ஓடத்துக்குக் கதவு எப்போது திறந்தது? 1976-இல்! அமரில்லிஸ் வென்ற ஆண்டிலிருந்து சரியாக நூறாண்டு கழித்து, மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் டொர்னேடோ என்ற இரட்டை ஓடப் படகுக்குத் தனிப் பந்தயம் வைத்தார்கள். 2013-இல் அமெரிக்கா கோப்பையே 72 அடி நீள இரட்டை ஓடங்களைக் கொண்டு நடத்தப்பட்டது. தெப்பம் என்று ஒதுக்கப்பட்டது மேடையேறிவிட்டது. காண்பதற்குத்தான் அதைப் பெற்றவர் இல்லை.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாம் உள்ளே வரும்போது யாரும் பெரிதாக மறுப்பதில்லை. நாம் முந்தும்போதுதான் மறுப்புகள் எழும். அப்போது சோர்ந்து கரைக்குத் திரும்பிவிடாமல், ஹெரெஷாஃபைப் போல் தொழிலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இது அவர் நடந்து காட்டிய பாடம். நாளை நாமும் ஆசிரியராகலாம், அதிகாரியாகலாம், ஒரு வீட்டுக்குப் பெரியவராகலாம். ஏதேனும் ஒரு விதி நம் கைக்கும் வரும். அன்று, வெளியே நிற்கும் படகு எது என்று ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். இது அவர் நடந்து காட்டாத பாடம். எனக்கு இரண்டுமே தேவைப்படுகின்றன.

முதலாண்டில் தோற்ற தாளை இந்த ஆண்டு எழுதித் தேறிவிட்டேன். தாத்தாவின் கட்டுமரம் கட்டவிழ்த்து வீட்டின் பின்புறம் கிடக்கிறது. சென்ற விடுமுறையில் அந்த மரங்களை அளக்க அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனேன். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எவ்வளவு எடையை அது தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தாத்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அளப்பதற்காக நான் ஏறி நின்றிருந்த மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கச் சொல்லவில்லை.